முருங்கையடியில் இரண்டு வீட்டுச் சாமான்

சண்டை ஓய்ந்து முகாமிலிருந்து திரும்பிய திலகமணி, கூரை போன வீட்டை நின்று பார்க்கக்கூட இல்லை. நேரே முருங்கையடிக்குப் போய்க் கணவன் கனகசூரியத்தைத் தோண்டச் சொன்னாள். இடம்பெயர்ந்த அன்று தையல் மெசினை உரப்பையில் சுற்றி அங்கேதான் புதைத்திருந்தார்கள். இனிப் பிழைப்புக்கு அது ஒன்றுதான் வழி.

முழங்காலளவு தோண்டியதும் மண்வெட்டியில் ஏதோ தட்டுப்பட்டது. ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாய். மூடியைத் திறந்தால் பித்தளைக் குடம், குத்துவிளக்கு, யாரோ ஒருத்தியின் கூறைச்சேலை.

"ஐயோ, இது எங்கட இல்லை!"

இவர்களுக்குப் பிறகு அந்த வீட்டில் தங்கியவர்களும் இதே இடத்தைத்தான் தோண்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் மெசினைக் கண்டிருப்பார்கள். கண்டவர்கள் விட்டுவைத்திருப்பார்களா?

"பொறு, இன்னும் கொஞ்சம் வெட்டிப் பாப்பம்," என்றான் கனகசூரியம்.

கீழே மெசின் இருந்தது. இவர்கள் சுற்றிய உரப்பைக்கு மேல் யாரோ ஒரு தார்ப்பாயையும் சுற்றி, இறுக்கிக் கட்டியிருந்தார்கள். திலகமணி மண்ணிலேயே உட்கார்ந்து, கண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

அடுத்த மாதம் அவள் தைத்துக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத புருஷனும் பெண்சாதியும் வாசல் படலையில் தயங்கி நின்றார்கள்.

"அக்கா, தண்ணி குடிக்க வந்தனாங்கள்," என்றாள் அந்தப் பெண்.

புருஷன் முதுகுக்குப் பின்னால் ஒளித்த மண்வெட்டியின் பிடி, தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

"அதை வேலியில சாத்திப்போட்டு உள்ளுக்கு வாங்கோ தம்பி," என்று திலகமணி எழுந்தாள். "கிண்டுற வேலையை நாங்கள் முடிச்சிட்டம்."