பச்சைக் கதவு

"வாசக்கதவுக்குப் பச்சை அடிக்கணுங்க" என்றாள் தேவானை.

பஞ்சாட்சரத்துக்குக் காப்பி புரையேறியது.

"இன்னாத்துக்கு? நீ வர்றேன்னுதானே பார்த்துப் பார்த்துச் செவப்பு அடிச்சேன்! மகாலட்சுமி வர்ற வீடு, மங்களகரமா இருக்கட்டும்னு."

"அழகாத்தான் கீது. ஆனா பச்சைதான் வேணும். கிளிப்பச்சை இல்லே, பாசிப் பச்சை."

பஞ்சாட்சரம் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். முதல் மனைவி கங்கம்மா இருந்தவரை அந்தக் கதவு பாசிப் பச்சைதான். தேவானை தாலி கட்டிக்கொண்டு மயிலாப்பூருக்கு வந்தபோதோ, கதவு சிவப்பாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. இவளுக்கு யார் சொன்னது?

டிராம் வண்டியில் சோல்ஜர்களிடமே டிக்கெட்டுக்கு மல்லுக்கு நிற்கும் கண்டக்டர் அவர். புதுப் பெண்டாட்டியிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்க நாக்கு எழவில்லை.

அந்த வாரமே கதவு பச்சையாயிற்று. அடுத்து, கூடத்து வெள்ளைச் சுவருக்கு நீலம் கலந்த சுண்ணாம்பு. அதுவும் கங்கம்மா காலத்து நிறம்தான்.

மறுநாள் டியூட்டி முடிந்து வந்தவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். எதிர்ச் சுவரில் மயில் படம் தொங்கியது. கங்கம்மா கண்ணாடி மணி கோத்துச் செய்தது. அவரே துணியில் சுற்றிப் பரணில் போட்டிருந்தார். இப்போது அதே சுவரில், அதே ஆணியில் இருந்தது.

"இதை யாரு எடுக்கச் சொன்னது?"

"இது இங்கேதானே இருக்கணும்?" என்றாள் தேவானை, சாதாரணமாக.

அதோடு விட்டாளா? தினமும் அந்தி மசங்கல் நேரத்தில் கதவைத் திறந்துபோட்டு, பக்கத்தில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு தெருவையே பார்த்தபடி உட்காருவாள்.

"யாருக்குக் காத்துக்கினு கீறே?"

"வர்றவங்களுக்கு."

அதற்கு மேல் பஞ்சாட்சரத்துக்குத் தாங்கவில்லை. மந்தவெளியிலிருந்து அக்கா வேலம்மாவை அழைத்து வந்தார். அவள் கதவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மயிலைப் பார்த்தாள், தம்பியைத் தனியே இழுத்துப் போனாள்.

"கட்டிக்கினு வர்றதுக்கு முந்தி கங்கம்மாவுக்குப் பூவாடை படைச்சியாடா?"

"அவசரத்துல விட்டுட்டேன்க்கா."

"கெட்டுது போ! சுமங்கலியா போனவளுக்குப் புடவை வெச்சுக் கும்புடாம இன்னொருத்தியைக் கூட்டியாந்தா அவ சும்மா இருப்பாளா? இவ மேலயே எறங்கிட்டா. வீட்டைத் தன் வீடா மாத்திக்கினு கீறா. பாவம் இந்தப் பொண்ணு, பெத்தவங்க பார்த்தா பதறிடுவாங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உள்ளறையில் படையல் போட்டார்கள். புதுப் புடவை, மல்லிகை, தலைவாழை இலையில் சோறு, கங்கம்மாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு, வடை, பாயசம். கற்பூரம் காட்டியதும் அறையைச் சாத்திவிட்டு மூவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். போனவள் வந்து சாப்பிடுவாள் என்பது நம்பிக்கை. அதுவரை யாரும் பேசக் கூடாது.

தெருவில் சத்தம் ஓய்ந்திருந்தது. மயிலின் கண்ணாடி மணிகள் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கின.

அப்போது வாசலில் ஒரு குரல்.

"கங்கா... அடி கங்கா..."

வேலம்மா தம்பியின் கையை இறுக்கிப் பிடித்தாள். கதவில் விரல் நகம் உரசும் சத்தம் மெதுவாக மேலும் கீழும் போய் வந்தது.

"கங்கா, தொறடீ."

"வந்துட்டேம்மா!" என்று எழுந்தாள் தேவானை.

"போகாதே!" என்று அலறினார் பஞ்சாட்சரம். அவள் அதற்குள் தாழ்ப்பாளை விலக்கிவிட்டாள்.

வாசலில் ஒரு கிழவி நின்றாள். தலை கலைந்து, காலெல்லாம் புழுதி. கதவை இன்னும் தடவிக்கொண்டே இருந்தாள். கங்கம்மாவைப் பெற்றவள்!

"பச்சைக் கதவு" என்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். "நீலச் சுவரு. மயிலு. அப்பாடி! வீடு மாறிப் போயிட்டியோன்னு பயந்துட்டேன்டி. தெரு முச்சூடும் தேடினேன்."

"எங்கேம்மா போவேன்? உள்ளே வா, சாப்பிடலாம்" என்று தேவானை அவளை அணைத்துக் கூட்டிப் போனாள். சாத்திய அறையைத் திறந்து, கங்கம்மாவுக்குப் போட்ட இலையின் முன்னாலேயே உட்கார வைத்தாள்.

வேலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொண்ணு போனதுல புத்தி பேதலிச்சிடுச்சா இவங்களுக்கு? இப்படி அலையறாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும் தேவானை?"

"நான் வந்த புதுசுல ஒரு மத்தியானம் வாசல்ல நின்னு வழி கேட்டாங்கண்ணி. பாசிப் பச்சைக் கதவு, நீலச் சுவரு, எதுத்தாப்பல மயிலு, அது எங்க பொண்ணு கங்கா வூடுன்னாங்க. இதான் வாங்கன்னு கையைப் பிடிச்சேன். செவப்புக் கதவைப் பார்த்துட்டு இது இல்லேன்னு அழுதுக்கினே போயிட்டாங்க."

"இதைப் புருஷன்கிட்டே சொல்றதுக்கு இன்னாடி?"

"செத்தவங்க பேச்சை எடுத்தாலே இவருக்கு முகம் செத்துப் போவுதுண்ணி. அவ்ளோ ஆசை வெச்சிருந்திருக்காரு. எதுக்குப் புண்ணைக் கிளறணும்னுதான்."

பஞ்சாட்சரம் மயில் படத்தைப் பார்த்தபடி நின்றார்.

கிழவி ஒரு வாய் சோறு தின்றாள். நிமிர்ந்து, வாய் நிறையச் சிரித்தாள்.

"வாங்க மாப்ளே! இந்தத் தெருவுல செவப்புக் கதவு வூடு ஒண்ணு கீது, அந்தப் பக்கம் மட்டும் போவாதீங்க. கங்கா எங்கேன்னு கேட்டா, அப்படி யாரும் இல்லேன்னு என்னைப் புடிச்சுத் தள்ளுவான் ஒரு படுபாவி. பார்க்க அச்சு அசல் உங்களை மாதிரியே இருப்பான்."