என்ன வேலை பார்த்தீங்க?

பரிசோதனை முடிவில் கேன்சர் என்று தெரிந்தாகிவிட்டது. அதற்குப் பிறகும் டாக்டர் கேள்வி மேல் கேள்வி கேட்டதில் ரொமால்டுக்கு எரிச்சல் மண்டைக்கேறியது.

“எத்தனை தடவை சொல்லுதது டாக்டர்? பீடி, சிகரெட்டுன்னு எதையும் நான் தொட்டதே இல்ல.”

“சரி, என்ன வேலை பார்த்தீங்க?”

“ஹார்பர்ல கப்பல் ரிப்பேர். அதை விட்டு முப்பது வருசமாச்சு. இப்ப எதுக்கு அதைக் கிண்டுதீங்க?”

“கேக்குததுக்குப் பதில் சொல்லுங்களேன்,” என்று பக்கத்தில் இருந்த மனைவி ஜெசிந்தா அதட்டினாள்.

“இஞ்சின் ரூம் பைப்புல சூடு தாங்கச் சுத்தியிருக்க பழைய ஆஸ்பெஸ்டாஸ் நாரைப் பிச்சு எடுப்போம். உடம்பெல்லாம் மாவு மில்லுக்காரன் மாதிரி வெள்ளையா இருக்கும். போதுமா?”

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நுரையீரலைச் சுத்தியிருக்கிற சவ்வுல வர்ற அபூர்வமான கேன்சர் இது. அந்தத் தூசி உள்ள போயிருந்தா, பல வருஷம் கழிச்சுக்கூட வரும். வேலை உடுப்பை எங்க துவைப்பீங்க?”

“வீட்லதான். இவதான் உதறித் துவைப்பா.”

சொல்லிவிட்டு ரொமால்டு சட்டென்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார். “கப்பல் பக்கமே போகாத உங்களுக்கு இது எப்படி வந்துச்சுன்னு இப்பத்தாம்மா புரியுது.”

“நாந்தானா இதை வீட்டுக்குக் கொண்டாந்தேன்?” ரொமால்டு உடைந்து அழுதார்.

“தெரிஞ்சா கொண்டாந்தீங்க? எனக்கே மூச்சு வாங்குது. இதுல உங்களை வேற தேத்தணுமா?” என்று ஜெசிந்தா எரிந்து விழுந்தாள். “கண்ணைத் தொடச்சுட்டு, அடுத்து என்ன வைத்தியம்னு கேளுங்க.”