நத்தைக்கல்

அமெரிக்காவிலிருந்து வந்த போதகர் பள்ளிக்கூட மேடையில் நின்று, சுண்ணாம்புக்கல் குவாரியில் கிடைத்த நத்தைக்கல்லைத் தூக்கிக் காட்டினார். உலகத்துக்கு வயது ஆறாயிரம் வருடம்தான், நோவா காலத்து வெள்ளத்தில் செத்துக் கல்லானது இது என்றார். எப்சிபா டீச்சர் அதை அப்படியே தமிழில் சொன்னாள். பதினோரு வருடமாக அறிவியல் நடத்துகிறவள். அவள் வேலை நிரந்தரமாவது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தாளாளரின் கையில் இருந்தது.

குவாரியில் கல் சுமக்கும் பச்சையம்மா எழுந்தாள்.

"கடல் நத்தைன்னு நீங்கதான டீச்சர் எம்மவளுக்குச் சொல்லிக் குடுத்தீங்க? தண்ணியிலயே கெடக்குறது வெள்ளத்துல எப்படி முழுகிச் சாவும்? அவரக் கேட்டுச் சொல்லுங்க."

கூட்டத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். போதகர் ஆவலோடு எப்சிபாவைப் பார்த்தார். தாளாளரும் பார்த்தார்.

"தனக்காக ஜெபிக்கச் சொல்கிறாள்" என்று எப்சிபா ஆங்கிலத்தில் சொன்னாள்.

போதகர் கண்கலங்கி இறங்கி வந்து, பச்சையம்மாவின் தலையில் இரண்டு கைகளையும் வைத்தார். அந்தக் கைகளுக்குக் கீழிருந்து அவள் எப்சிபாவையே பார்த்தாள்.

"இதான் பதிலா டீச்சர்?"

என்ன சொல்கிறாள் என்று போதகர் கேட்டார்.

"ஆமென் என்கிறாள்."

தாளாளர் மெல்லத் தலையசைத்தார். பதினோரு வருடமாக எப்சிபா காத்திருந்த தலையசைப்பு அது.