அஞ்சு ஃபைல் அண்ணே

"மூணாவது தடவையும் திருப்பி அனுப்பிட்டாருண்ணே!"

ஐரினுக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் பசுமலை ஆபீசில் பள்ளிக்கூடங்களுக்கு வெப்சைட் செய்கிறோம். நோட்டீஸ், போட்டோ, அட்மிஷன் பாரம் என்று பக்கத்தில் வரும் ஒவ்வொரு துண்டும் ஒரு பிளாக். புது பிளாக் வேண்டுமா? சீனியர் மெர்வின் எழுதிய பிளகின் லைப்ரரி என்ற புரோகிராம் தொகுப்பில் ஐந்து ஃபைலில் பதியணும். ஒன்றை மறந்தாலும், "மெர்வின்ண்ணே..." என்று போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கணும்.

புதிதாக வந்த ஐரின் அதை மாற்றிவிட்டாள். கிளாஸ் என்று ஒரே ஒரு துண்டு புரோகிராம் எழுதினால் போதும், பிளாக் தானாகப் பதிந்துகொள்ளும். வெள்ளிக்கிழமைக்குள் மெர்வின் இதற்குச் சரி சொன்னால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம்.

"என்னதான் வேணுமாம் அவருக்கு?"

"பழைய முறையும் சேர்ந்தே ஓடணுமாம். ஏன்னு கேட்டா, 'செய்யும்மா'ங்கிறாரு."

"அடப் போம்மா! அஞ்சு ஃபைலும் போயிட்டா அவரை யாரு அண்ணேன்னு தேடுவா? வயித்தெரிச்சல்!"

சும்மா இருப்பேனா? டீ நேரத்தில், "அஞ்சு ஃபைல் அண்ணே வாராரு, வழி விடுங்கப்பா!" என்றேன். ஆபீசே சிரித்தது. மெர்வின் டீயை ஊதிக் குடித்தார்.

ஐரின் ராத்திரி பகலாக உட்கார்ந்து பழைய முறையையும் சேர்த்தாள். வெள்ளிக்கிழமை பத்தே நிமிஷத்தில் சரி சொல்லிவிட்டார். வேலை நிரந்தரம். அல்வா வாங்கி வந்தாள்.

"கடைசிவரைக்கும் பழசை விடலையே மனுசன்!" என்றேன், வாய் நிறைய அல்வாவோடு.

ஐரின் சிரிக்கவில்லை.

"பழைய முறை இல்லாம நேத்து ஓட்டிப் பார்த்தேண்ணே. ஒரே ஒரு சைட் மட்டும் படுத்துருச்சு. யாரோ பிளாக்கைக் காப்பியடிச்சுட்டு, பேரைக்கூட மாத்தாம விட்டுருக்காங்க. ஒரே பேர்ல ரெண்டு பிளாக். பழைய முறை அதைக் கண்டுக்காது, என்னோடது அப்படியே நின்னுருது. திங்கக்கிழமை அங்க அட்மிஷன் வேற."

"யாரு அந்த அறிவாளி?"

"நானும் மெர்வின்ண்ணன்கிட்ட கேட்டேன். 'பேரு எதுக்கும்மா, அவனுக்கு இன்கிரிமென்ட் நேரம்'னுட்டாரு."

"எந்த ஊரு சைட்டு?"

"வாடிப்பட்டி."

வாடிப்பட்டி சைட்டை முழுக்க முழுக்கச் செய்தது நான்தான். அல்வா தொண்டையில் நின்றுவிட்டது.

பக்கத்து மேஜையிலிருந்து தண்ணீர் பாட்டில் என் பக்கமாக நகர்ந்து வந்தது.

"மெதுவாத் தின்னு மாப்ள" என்றார் மெர்வின்.