தெளிக்காத வயல்

தொலைபேசியில் விவசாயி தல்சூ சொன்னது மூன்று வட்டம். ஓக்ஹீ வரப்பில் நின்று பார்த்தபோது ஆறு இருந்தன.

பச்சை வயலின் நடுவே அங்கங்கே யாரோ தீ வைத்து அணைத்தது போல நெல் கருகிப் படுத்துக் கிடந்தது.

அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வரப்பின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தாள். குனிந்து ஒரு தூரைப் பிளந்து பார்த்தாள். எள்ளைக் கொட்டியது போலப் புகையான் பூச்சிகள் சாறு குடித்துக்கொண்டிருந்தன. கையை உதறிவிட்டு அடுத்த தூரைப் பிளந்தாள். அதிலும் அதே கூட்டம்.

தல்சூ காகிதக் குவளையில் கொடுத்த பொட்டலக் காப்பி அவள் கையில் ஆறிப்போயிருந்தது.

மழைக்காற்றில் சீனத்திலிருந்து கடல் தாண்டி வருவது புகையானின் வழக்கம். தென்கொரியாவின் ஹேனம் வட்டாரத்தில் இந்த வருடம் கொஞ்சம் கூடுதல். மற்றவர்கள் எல்லாம் இரண்டு தடவை மருந்தடித்துவிட்டார்கள். அறுபத்தேழு வயது தல்சூ மட்டும் ஒரு சொட்டுகூட அடிக்கவில்லை.

காரணம், அது ஓக்ஹீயின் நெல். ஆராய்ச்சி நிலையத்தில் பதினோரு வருடம் உட்கார்ந்து அவள் உருவாக்கியது. பூச்சி ஊசிவாயைச் செருகினால் இந்தப் பயிர் உள்ளுக்குள் தன் சாற்றுக் குழாயை அடைத்துக்கொள்ளும். பூச்சி உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டுப் பட்டினியில் சாகும். மருந்தே வேண்டாம் என்று சொல்லித்தான் சோதனைக்காக அவரிடம் விதை கொடுத்திருந்தாள்.

டாக்டரம்மா நெல்லுக்கே சீக்கு வந்தால் எந்த டாக்டரிடம் காட்டுவீர்கள் என்று பக்கத்து வயல்காரர்கள் ஒரு வாரமாகத் தல்சூவைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள்.

ஓக்ஹீ மூச்சுவிடாமல் பேசினாள். இன்றைக்கே மருந்தடித்துவிட வேண்டும். ட்ரோன்காரரிடம் சொல்லியாகிவிட்டது, மதியத்துக்குள் வந்துவிடுவார். அடித்தால் பாதியாவது தேறும். அறுவடைத் திருநாள் வேறு நெருங்கிவிட்டது. எதற்காக இன்னும் காத்திருக்க வேண்டும்?

தல்சூ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அறுப்பு வரைக்கும் அடிக்கமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன் டாக்டரம்மா. பாதியில அடிச்சா உங்க பதினோரு வருசம் என்னத்துக்கு ஆகும்?"

அவள் மறுபடி நடக்கத் தொடங்கினாள். சோதனை முடிந்துவிட்டது என்றாள். தாளைத் தானே கிழித்துப் போடுவதாகச் சொன்னாள். குரல் தேவைக்கு மேல் உயர்ந்ததை அவளே கேட்டாள்.

அவரோ வண்டிப் பக்கம் போய் ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து வந்தார். வாயில் மெல்லிய துணி கட்டியிருந்தது. உள்ளே ஈரமண்ணில் நட்ட நான்கு நெல் தண்டுகள். தண்டெல்லாம் பூச்சி.

வசந்தத்தில் ஒருநாள் அவள் இதே வரப்பில் உட்கார்ந்து அவருக்கு விளக்கியிருந்தாள். இந்தப் பூச்சியின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியிருக்கின்றன. அதில் ஒரு வகை எச்சிலோடு கலந்துவிட்டால் போதும், கடிபடுவதே பயிருக்குத் தெரியாது. குழாய் திறந்தபடியே கிடக்கும். அவர் அதை ஒரு சொல் விடாமல் நினைவில் வைத்திருந்தார்.

"தோத்தாலும் எந்தக் கிருமிகிட்ட தோத்தோம்னு தெரியணும்ல. அதான் உசுரோட பிடிச்சு வச்சேன். அந்தக் காத்துக்கு என்ன பகையோ நம்ம மேல."

ஓக்ஹீ காப்பிக் குவளையை வரப்பில் வைத்துவிட்டு ஜாடியை வாங்கிக்கொண்டாள். துணியின் முடிச்சை இறுக்கினாள். இறுகியிருந்த முடிச்சை மறுபடி இறுக்கினாள்.

அவளுக்கு அந்த ஜாடி தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை இதே வயலிலிருந்து எடுத்துப்போன பூச்சிகளின் சோதனை முடிவு நேற்று சாயங்காலமே வந்துவிட்டது. அவற்றில் அந்தக் கிருமி இருந்தது. கடலோரம் விரித்த வலைகளில் இந்த வருடம் சிக்கிய எந்தப் பூச்சியிலும் அந்தக் கிருமி இல்லை. இந்த வயலைத் தவிர அது இருந்தது ஒரே இடத்தில். நிலையத்துக் கண்ணாடிக் கூடத்தில், அவளுடைய பூச்சிக் கூண்டில். இந்த நெல் எத்தனை காலம் தாங்கும் என்று பார்க்க, இதே நெல்லைத் தின்னக் கொடுத்து நாற்பது தலைமுறையாக அவள் வளர்த்த பூச்சிகள் அவை.

ஜூன் கடைசியில் வயலில் பட்டுப்போன இடங்களுக்கு நாற்று கேட்டிருந்தார் தல்சூ. கூண்டுக்குப் பக்கத்து அறையில் வளர்ந்த நாற்று. பத்து நாள் தனியாக வைத்துப் பார்த்த பிறகுதான் வெளியே அனுப்ப வேண்டும். மழை நெருங்கியதால் அவள் மூன்றாம் நாளே வண்டியில் ஏற்றினாள். இலையுறைக்குள் இருக்கும் முட்டை கண்ணுக்குத் தெரியாது.

மதியம் மருந்தடித்தால் வயலில் ஒரு பூச்சி மிஞ்சாது. பழி காற்றோடு போய்விடும்.

தூரத்தில் ட்ரோன்காரரின் வண்டி திரும்புவது தெரிந்தது. அவள் நடப்பதை நிறுத்தினாள்.

"காத்து கொண்டு வரல ஐயா. நான்தான் கொண்டு வந்தேன். அந்த நாத்துல."

முழுவதையும் சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

தல்சூ கருகிய வட்டங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

அவர் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அந்த நாத்தை வேற யார் யாருக்குக் குடுத்தீங்க?"

ஓக்ஹீ பெருவிரலில் தொடங்கி ஒவ்வொரு பெயராகச் சொல்லி மடக்கினாள். சுண்டுவிரலுக்கு வந்ததும், ஜாடியைத் தரையில் வைத்துவிட்டு அடுத்த கையை எடுத்தாள்.