மாடிக் கதையில் யார் வில்லன்?

“அந்த மாத்திரையை மாத்தி வெச்சது நீங்கதானே? உண்மையைச் சொல்லுங்க.”

“கத்தாதே. கீழ கேக்கும்.”

“கேக்கட்டும். நாலு பேருக்குத் தெரியட்டும்.”

மாடியிலிருந்து சண்டை தெளிவாகக் கேட்டது. கீழ் வீட்டில் தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள்.

“புருஷன்தான் வில்லன். நான் அன்னைக்கே சொன்னேன்ல?” என்றாள் தன் கணவரிடம். அவர் ரிடையர்டு பஸ் டிரைவர்.

“போடி இவளே. அவன் வாயில்லாப் பூச்சி. நாத்தனார்காரி ஒருத்தி இருக்கா பாரு, இன்னும் கதைக்குள்ளயே வரலை. அவதான்.”

தோற்றவர் டீ போட வேண்டும். அதுதான் பந்தயம்.

மாடிக்காரர் எழுத்தாளர். குடிவந்த புதிதில் இதேபோல் அலறல் கேட்டு, தையல்காரம்மா கத்தரிக்கோலும் கையுமாக மேலே ஓடினாள். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு தாளோடு நின்று சிரித்தார்கள். “கதைக்கு வசனம்க்கா. பேசிப் பார்த்துட்டுத்தான் பத்திரிகைக்கு அனுப்புவேன்” என்றார் அவர். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் இவர்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு.

மேலே நாற்காலி விழுந்தது.

“இன்னைக்கு சூடு பறக்குதே” என்றார் டிரைவர்.

“அக்கா... கீழ் வீட்டு அக்கா, மேல வாங்களேன். இது கதை இல்லக்கா” என்று மேலேயிருந்து எழுத்தாளர் பெண்டாட்டியின் குரல் கேட்டது.

தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “கேட்டீங்களா? என்னையும் கதையில சேத்துட்டா.”

“உனக்கு என்ன வேஷம், வில்லியா?”

அப்புறம் சத்தமே இல்லை. குழாயில் தண்ணீர் கொட்டும் ஓசை மட்டும்.

கொஞ்ச நேரத்தில் எழுத்தாளர் பெட்டியோடு படியிறங்கி வந்தார். சட்டை மாற்றி, தலை வாரியிருந்தார். மேலே குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“கதை முடிஞ்சிடுச்சா தம்பி?”

“முடிஞ்சிடுச்சுக்கா.”

“வில்லன் யாருன்னு சொல்லிட்டுப் போங்க. இல்லாட்டி எந்தப் பத்திரிகையில வருதுன்னாவது சொல்லுங்க, வாங்கிப் படிச்சுக்கறோம்.”

அவர் வாசல் கேட்டைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

“எதுலயும் வராதுக்கா. உங்க ரெண்டு பேர் காதுக்காக மட்டும்தான் எழுதினேன்.”

படிச்சவங்க ஒரு வரி பதில் போடுங்க: இந்தக் கதையில வில்லன் அவர் ஒருத்தர்தானா?