சாப்பாட்டு ஜெபம்

பாட்டியை அடக்கம் செய்துவிட்டு வந்த மதியம். எல்லார் தட்டிலும் சோறு விழுந்தாயிற்று. ஒரு கையும் அசைவதாயில்லை. ஜன்னல் வெயில் கண்ணாடித் தண்ணீர்க் கூஜாவுக்குள் புகுந்து, மேசைமேல் ஒரு வெளிச்ச வட்டத்தை ஆட்டிக்கொண்டிருக்கிறது. மின்விசிறி தன் பாட்டுக்குக் கடகடக்கிறது. இந்த வீட்டில் ஜெபம் செய்யாமல் யாரும் வாயில் பருக்கை வைத்ததில்லை. செய்தவள் பாட்டி ஒருத்திதான். மற்றவர்களின் பக்தியெல்லாம் ஆமென் சொல்வதோடு சரி. "நீ பண்ணுடா," என்கிறாள் அம்மா, மகனைப் பார்த்து. "நானா? நான் கூப்பிட்டா ஆண்டவரே யாருன்னு கேப்பாரும்மா." "ஆறிப்போகுதுடா," என்கிறார் மாமா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றியபடி.

அவன் கண்ணை மூடுகிறான். அவனுக்குத் தெரிந்தது ஒரே ஜெபம்தான். பாட்டி அந்தப் பக்கம் போனதும் அவளைப் போலவே இழுத்து இழுத்துச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பானே, அது. வேறு குரல் வரமாட்டேன் என்கிறது. "இரக்கமுள்ள பிதாவே..." என்று அதே நடுக்கத்தோடு தொடங்குகிறான். யாரும் சிரிக்கவில்லை. அம்மாவின் முழங்கால், மாமாவின் சர்க்கரை, தங்கச்சியின் பரீட்சை என்று பாட்டி போகிற வரிசையிலேயே ஒவ்வொருவராகக் கர்த்தரிடம் ஒப்படைத்துக்கொண்டு போகிறான். கடைசியாகப் பாட்டி வந்து நிற்பது அவனிடம்தான். அங்கே ஜெபம் அறுந்துபோகிறது. தனக்காக அவன் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. அதற்குத்தான் பாட்டி இருந்தாளே. மூடிய இமைகளுக்குள் வெயில் சிவப்பாக நிற்கிறது.

"இந்தக் கோமாளிப் பயலுக்கு நல்ல புத்தியக் கொடும், ஆண்டவரே," என்கிறாள், இதுவரை வாய்விட்டு ஜெபித்தறியாத அம்மா.

"ஆமென்," என்கிறான் அவன், எல்லாருக்கும் முந்திக்கொண்டு.